யாருடைய மௌனம்? பாமாவின் 'கருக்கு' நூலை முன்வைத்து

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. முப்பது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் நம் ஆட்கள் அதைப் பற்றி இரண்டே விதமாகத்தான் பேசுகிறார்கள். சாதிக் கொடுமையைத் தன் வாயாலேயே சொன்ன தலித் பெண்ணின் தன்வரலாறு என்பது ஒன்று. திருச்சபைக்குள் ஒளிந்து கிடந்த சாதியை அம்பலப்படுத்திய கலகப் பிரதி என்பது இன்னொன்று. இரண்டும் சரிதான். மேடையில் சொன்னால் கைதட்டும் கிடைக்கும். ஆனால் அந்தப் புத்தகத்துக்குள் ஒரு பெண் ஏழு வருசம் மடத்தில் இருந்திருக்கிறாள். செபித்திருக்கிறாள், பேசாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். அந்த உட்காருதல் அவளுக்கு எதைக் கொடுத்தது, எதைப் பிடுங்கியது? இதைக் கேட்டால் தோழர்களுக்குச் சங்கடமாகிவிடுகிறது. செபம், தியானம் என்று வாயெடுத்தாலே நாம் பின்னால் போகிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கும்போது கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதியில் இருந்தேன். வருசத்துக்கு ஒருமுறை மூன்று நாள் ஞானஒடுக்கம் நடக்கும். மூன்று நாளும் பேச்சு கிடையாது. கட்டணச் சலுகையில் தங்கியிருந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் மட்டும் சமையலறையில் பாத்திரம் கழுவணும். எல்லாருமே நம்ம தெருப் பிள்ளைகள். பெரிய அலுமினிய அண்டாவைத் தேய்த்தால் சத்தம் வராமல் இருக்குமா? சிஸ்டர் வந்து, தியானம் கலைகிறது, மெதுவாகக் கழுவுங்கள் என்று சைகை காட்டிவிட்டுப் போனார். அவரும் மௌனம் காத்தார் பாருங்கள்!

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது. இரண்டாம் நாள் சாயங்காலம் சிற்றாலயத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் ஒரு மணி நேரம் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல், வேலை ஏவாமல் விட்டதில்லை. எங்கள் வீடு ஒரே அறை, ஆறு பேர். அன்றைக்குத்தான் எங்க அம்மாவின் கை என் கண்ணுக்குள் வந்தது. வெங்காயம் உரித்து உரித்துக் கறுத்துப்போன நகம். அது எனக்கு அவமானமாக இருந்து வந்திருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்னமும் விடவில்லை. அண்டாவையும் மறக்கவில்லை. அடுத்த மாதமே ஒரு அக்கா கொடுத்துக் 'கருக்கு' படித்தேன்.

தமிழ்க் கிறித்தவத்தில் துறவும் தியானமும் சாதியை உடுத்திக்கொண்டுதான் வந்தன. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதகர் என்று பேர் வைத்துக்கொண்டு, காவி கட்டி, மரக்கறி உண்டு, பார்ப்பன சந்நியாசியாக வாழ்ந்தார். அப்புறம் 1640 வாக்கில் கீழ்ச்சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் தனியாக வந்தார்கள். ஒரே ஆண்டவருக்கு இரண்டு வகை சாமியார்! வடக்கன்குளத்துக் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இடித்ததற்கும் வழக்குப் போட்டார்கள். அந்தக் கதையை ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கிட்டத்து உதாரணமும் உண்டு. 1950இல் குளித்தலைப் பக்கம் காவிரிக்கரையில் சாந்திவனம் ஆசிரமத்தை இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் தொடங்கினார்கள். 1968இல் பீட் கிரிஃபித்ஸ் அங்கே வந்தார். உலகம் முழுக்கப் பேர் பெற்ற தியான இடம். அவர்களுடைய நேர்மையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் இந்திய ஆன்மிகம் என்று தேடிப்போனவர்களுக்கு உபநிடதமும் காவியும் ஆரத்தியும் சமஸ்கிருதமும் கிடைத்தன. பறை கிடைக்கவில்லை, ஒப்பாரி கிடைக்கவில்லை. பறட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாட்டுக் கட்டியபோதுதான் நம்ம தெருச் சத்தம் ஆலயத்துக்குள் கொஞ்சமாவது நுழைந்தது.

இப்போது 'கருக்கு'க்கு வருவோம். முதல் பகுதியிலேயே பாமா ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறார். தபால் ஆபீஸ், பஞ்சாயத்து ஆபீஸ், பால் டிப்போ, பெரிய கடைகள் எல்லாம் மேல்சாதித் தெருவில். பள்ளிக்கூடமும் அங்கேதான். கோயிலும் அங்கேதான். இந்தக் கடைசி விவரத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பூசைக்குப் போகணும் என்றாலே ஒரு தலித் பிள்ளை தன் தெருவை விட்டு அவர்கள் தெருவுக்கு நடக்கணும். கடவுளிடம் போவதும் தன்னிடத்தை விட்டுப் போவதும் அவளுக்கு ஒரே பாதையாக இருக்கிறது. பிற்பாடு மடத்துக்குப் போனதும் அதே பாதையின் நீட்சிதான். ஏழைப் பிள்ளைகளுக்கு, தன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு உழைக்கணும் என்றுதான் ஆசிரியர் வேலையை விட்டு மடத்தில் சேர்கிறார். உள்ளே போனால் பள்ளிக்கூடம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு. வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வசதியாகச் சாப்பிடுகிறார்கள். நம்ம சனத்தைப் பற்றி அவர்கள் பேசுகிற பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கணும்.

மௌனம் என்பது இங்கேதான் பிரச்சினையாகிறது. பேச்சுச் சுதந்திரம் உள்ளவனுக்கு மௌனம் ஒரு பயிற்சி. நம்ம பாட்டன்மார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு களத்துமேட்டில் நின்றார்களே, அதுவும் மௌனம்தான். அந்தப் பயிற்சி நமக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு. புத்தகத்தில் வடைப் பொட்டலக் காட்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். நம்ம தெருப் பெரியவர் ஒருவர் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாயக்கரிடம் போகிறார். சின்னப் பிள்ளை பார்த்துச் சிரிக்கிறாள். அண்ணன் விளக்கிச் சொன்ன பிறகுதான் சிரிப்பு நிற்கிறது. அந்தப் பெரியவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு மடத்தில் மறுபடியும் அடக்கத்தையும் கீழ்ப்படிதலையும் கற்பிக்கிறார்கள். இயேசு அநியாயத்தைக் கண்டு கோபப்பட்டார், எளியவர்களோடு இருந்தார் என்பதை அவர்கள் அழுத்திச் சொல்லவே இல்லை; தானே வேதத்தைப் படித்துத்தான் கண்டுகொண்டேன் என்பது பாமாவின் குற்றச்சாட்டு.

அப்படியானால் தியானத்தால் ஒரு பயனும் இல்லையா? இந்த இடத்தில்தான் நான் வழக்கமான வாசிப்பிலிருந்து விலகுகிறேன். துறவற மடங்களில் ஆத்தும சோதனை என்று ஒன்று தினமும் உண்டு. அன்றைய நாளைத் திரும்பப் பார்த்து, எங்கே தவறினேன் என்று தன்னையே விசாரிப்பது. இஞ்ஞாசியார் எழுதி 1548இல் அச்சான ஆன்மிகப் பயிற்சி நூலில் இன்னொரு முறையும் இருக்கிறது. தியானிப்பதற்கு முன் அந்த இடத்தை மனக்கண்ணில் கொண்டுவரணும். மலை எங்கே, பாதை எங்கே, வீடு எப்படி இருக்கிறது என்று. 'கருக்கு' எப்படித் தொடங்குகிறது? ஊர், சுற்றிலும் மலை, அப்புறம் தெருக்கள், அப்புறம் ஆட்கள். பிறந்தேன், வளர்ந்தேன் என்று நேர்க்கோட்டில் போகாமல், ஒரே வாழ்க்கையை வேலை, விளையாட்டு, சண்டை, சாமி என்று வேறு வேறு பக்கத்திலிருந்து திரும்பத் திரும்பப் பார்க்கிறது. பாமா இதைத் திட்டம் போட்டுச் செய்தார் என்று சொல்ல வரவில்லை. ஏழு வருசம் பழகிய கண் அப்படித்தான் பார்க்கும் என்கிறேன்.

ஆனால் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. மடத்துச் சோதனையில் குற்றவாளி எப்போதும் 'நான்'. நெஞ்சில் தட்டிக்கொள்ளணும். பாமா அதே விசாரணையை எடுத்து, குற்றவாளிக் கூண்டில் சாதியை ஏற்றுகிறார், திருச்சபையை ஏற்றுகிறார். தன்னையும் விடவில்லை, மடத்துச் சாப்பாட்டுக்கும் வசதிக்கும் தான் பழகிப்போனதைச் சொல்கிறார். முன்னுரையில் பனங்கருக்கையும், எபிரெயருக்கு எழுதிய திருமுகத்தில் வரும் இருபுறமும் வெட்டும் வாளையும் ஒன்றாகப் பார்க்கிறாரே, அந்த இருபுறம் இதுதான். விறகு பொறுக்கப்போன பிள்ளையின் தோலைக் கீறின கருக்கு விவிலிய உவமைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே அவர் மடத்தை விட்டு வெறுங்கையோடு வந்தார் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவர்களுடைய கருவியையும் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

நூலில் ஒரு குறையும் உண்டு. மடத்தைப் பற்றிய பகுதிகள் ஊர்ப் பகுதிகளைப் போல எழுந்து நிற்கவில்லை. புலம்பலாகவும் பொதுப்படையாகவும் போகின்றன. ஊர்ப் பகுதியில் ஒவ்வொருத்தருக்கும் பட்டப்பெயர் இருக்கிறது, நடை இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. மடத்தில் மதர், சிஸ்டர் என்று பதவிதான், முகமே தெரியவில்லை. வெகுநாள் இதை எழுத்தின் பலவீனம் என்றே நினைத்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. பட்டப்பெயர் வைக்க உரிமை உள்ள இடம்தான் நம்ம இடம். ஏழு வருசம் ஒரே கூரைக்குள் இருந்தும் அவர்களில் ஒருத்திக்குக்கூட அவரால் பட்டப்பெயர் வைக்க முடியவில்லை. அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன் (2024இல் காலமானார்) 'சிலுவைராஜ் சரித்திர'த்தில் அதே கத்தோலிக்கச் சூழலை விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி எழுதினார். ஆண் பிள்ளைக்குச் சாமியாரைக் கேலி செய்ய முடிந்தது. முழுதாக நம்பி உள்ளே போன பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. இதை நாம் கணக்கில் எடுக்கணும்.

மடம் தராத இடத்தை எழுத்து தந்துவிட்டது என்று சுலபமாக முடித்துவிடவும் முடியாது. புத்தகம் வந்ததும் சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டார்கள், ஊருக்குள் வரவிடவில்லை என்று பாமா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நம்ம கதையை, நம்ம பட்டப்பெயரை எல்லாம் வெளியே போட்டுவிட்டாயே என்று. அப்புறம்தான் மனசு மாறியது. மடமும் இல்லை, ஊரும் இல்லை, கையில் ஒரு புத்தகம் மட்டும் என்று அவர் நின்ற அந்தக் காலத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசணும். தெருப் பேச்சில் எழுதியதற்குத் தெரு உடனே கை நீட்டி வரவேற்கும் என்பது படித்த நம் போன்றவர்களின் ஆசை.

அம்பேத்கர் வழி வந்த தோழர்கள் இங்கே குறுக்கிடுவார்கள் என்று தெரியும். 1956இல் பாபாசாகேப் பாதை காட்டிவிட்டாரே, இன்னும் எதற்குச் சிலுவை? நியாயமான கேள்வி. 1950 குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவத் தலித்துகளைப் பட்டியலுக்கு வெளியே வைத்தது. பிறகு 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். உனக்குச் சாதியில்லை என்று அரசு சொன்னது. கல்லறைத் தோட்டத்தில் உனக்குத் தனிச் சுவர் என்று பங்கு சொன்னது. கணக்குப் பார்த்தால் நட்டம்தான். ஆனால் எங்க பாட்டி சாகும்வரை செபமாலையை விடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. சாமியாரைத் திட்டிக்கொண்டே மணி உருட்டும். அந்தத் திட்டும் செபத்தில் சேர்த்திதான் என்று இப்போது நினைக்கிறேன். அதைப் பொய்யான பிரக்ஞை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. 'கருக்கு'ம் அப்படித் தள்ளவில்லை. மடத்தை விட்டது, கடவுளை விட்டதாகச் சொல்லவில்லை.

எங்கள் மாலை வகுப்பில் ஒரு பிள்ளை, வருகிற ஜூனில் மடத்துக்குப் போகிறேன் என்கிறாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. 'கருக்கு'ப் பிரதியைக் கொடுத்தேன். நான்கு நாளில் படித்துவிட்டு வந்தாள்.

"அக்கா, வெளிய வந்தப்புறம் அவங்க கண்ண மூடி உக்காருவாங்களா?" என்று கேட்டாள்.

"எழுதுறதுக்கு முன்னால உக்காந்துதான் இருக்கணும் பாப்பா" என்றேன்.

கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியலை மடத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். போர்வை, தட்டு, தம்ளர், வேதப் புத்தகம் என்று இருந்தது. கடைசியில் 'நோட்டு ஒன்று' என்று அவளே எழுதிச் சேர்த்துக்கொண்டாள். பட்டப்பெயர் எழுதவாம்.