சில்வர் ஈகிள்: எழுபதுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

அமெரிக்காவின் சில்வர் ஈகிள் வெள்ளிக்காசு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும்போது, சேகரிப்பவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நாணயச் சாலையே நேரடியாக விற்கும் ப்ரூஃப் காசு. மற்றொன்று, வெள்ளியின் மதிப்புக்காக வாங்கப்படும் சாதாரண புல்லியன் காசை ஒரு தரநிர்ணய நிறுவனம் சோதித்து, 'எம்.எஸ். 70' என்று சீட்டு வைத்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுப்பது. இந்த உறைக்கு ஸ்லாப் என்று பெயர். இரண்டையும் மேசை விளக்கின் கீழ் வைத்து, லென்ஸ், டிஜிட்டல் தராசு, காந்தம், கைப்பேசி எல்லாம் கொண்டு பார்த்தேன். முதல்முறை வாங்குகிறவருக்கு என் பரிந்துரை ப்ரூஃப்தான்.

உலோகத்தில் வித்தியாசம் இல்லை. எடை 31.1 கிராம், அதாவது ஒரு ட்ராய் அவுன்ஸ். 99.9 சதவீத வெள்ளி. விட்டம் 40.6 மில்லிமீட்டர், முகமதிப்பு ஒரு டாலர். 1986 முதல் வருகிற காசு. முன்பக்கத்தில் இருப்பது அடால்ஃப் வைன்மன் 1916-இல் அரை டாலர் காசுக்காக வடித்த சுதந்திர தேவி. சூரியனை நோக்கி நடக்கிறாள். பின்பக்கம் 2021-இன் நடுவில் மாறியது. இப்போது இருப்பது எமிலி டாம்ஸ்ட்ராவின் கழுகு, ஓக் கிளையைக் கால்களில் பற்றித் தரையிறங்கும் கோலத்தில். அப்போதே விளிம்பு வரிகளில் ஓரிடத்தில் ஒரு வரியை எடுத்துவிட்டார்கள். கள்ளக் காசைக் கண்டுபிடிக்க வைத்த அடையாளம் அது.

ப்ரூஃபை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் பின்புலம் முழுக்கக் கறுத்துவிடும், தேவியின் உருவம் மட்டும் வெண்மையாக எழுந்து நிற்கும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் பின்புலத்தில் உங்கள் முகமே தெரியும். அச்சையும் வெற்றுத் தகட்டையும் மெருகேற்றி, ஒரே காசை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிப்பதால் வரும் விளைவு இது. அச்சில் உருவம் இருக்கும் பகுதியை மட்டும் சொரசொரப்பாக்கி வைப்பதால் அது பனி படிந்ததுபோல் மங்கலாக நிற்கிறது. லென்ஸ் வழியே பார்த்தால் ஆடையின் மடிப்புகள் தனித்தனியாகப் பிரிகின்றன, ஓக் இலையின் நரம்பு வரை தெரிகிறது. புல்லியன் காசுக்கும் அழகு உண்டு. திருப்பும்போது ஒளி அதன்மேல் வட்டமாகச் சுழன்று வரும். ஆனால் அதன் மடிப்புகளில் இந்தக் கூர்மை இல்லை. கலைக்காக வாங்குகிறீர்கள் என்றால் இங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

இனி அந்த எழுபது. அமெரிக்கப் பழங்காசு ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949-இல் பெரிய செப்புச் சென்ட் காசுகளுக்காக வகுத்த அளவுகோல் இது. 1 தரக் காசைவிட 70 தரக் காசு எழுபது மடங்கு விலை போகும் என்பது அவர் கணக்கு. இன்று என்.ஜி.சி. என்னும் தரநிர்ணய நிறுவனம் 70-க்குத் தரும் விளக்கம், ஐந்து மடங்கு பெருக்கத்தில் பார்த்தால், அச்சடித்த பிறகு ஏற்பட்ட குறை எதுவும் தெரியக்கூடாது என்பதே. பழைய செம்புக்கு இது எட்டாக் கனி. இன்றைய நாணயச் சாலையின் இயந்திரங்களோ ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் 70 தரக் காசுகளைத் தருகின்றன. 69-ஐயும் 70-ஐயும் பக்கத்தில் வைத்து, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. விலைப்பட்டியலில் மட்டும் அது பளிச்சென்று தெரிகிறது. 1980-களின் ஈகிள் 70 தரத்தில் கிடைப்பது உண்மையிலேயே அரிது, அதற்குக் கூடுதல் விலை நியாயம். புதுக் காசுக்கு அந்த நியாயம் இல்லை.

'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்', 'எர்லி ரிலீசஸ்' என்னும் சீட்டுகள் இன்னும் கவனிக்க வேண்டியவை. முதலில் அடித்த காசு, அச்சு தேய்வதற்கு முன் வந்தது என்ற எண்ணத்தில் பலர் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். விற்பனை தொடங்கிய முதல் முப்பது நாட்களுக்குள் தரநிர்ணய நிறுவனத்துக்கு வந்துசேர்ந்த காசு என்பதற்கு மேல் அந்தச் சீட்டு எதுவும் சொல்லவில்லை. எந்தக் காசையும் முதலில் அடித்ததாகத் தான் குறிப்பதில்லை என்று அமெரிக்க நாணயச் சாலையே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தபால் வந்த தேதிக்குப் பணம் கொடுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஸ்லாப்பின் பலம் பாதுகாப்பு. முன்பின் தெரியாதவரிடம் இணையத்தில் வாங்கும்போது அது உதவும். சீட்டின் எண்ணை நிறுவனத்தின் செயலியில் அடித்தால் விவரம் வருகிறது. பல காசுகளுக்குப் படமும் வருகிறது. பி.சி.ஜி.எஸ். என்னும் மற்றொரு தரநிர்ணய நிறுவனத்தின் புது உறைகளில் என்.எஃப்.சி. சில்லும் உண்டு, கைப்பேசியை அருகே கொண்டுபோனாலே போதும். ஆனால் கள்ள உறை செய்கிறவர்கள் அசல் எண்ணையே திருடிப் போடுகிறார்கள். எண் சரியாக இருக்கிறது என்று நிறுத்திவிடாமல், படத்தையும் காசையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உறைக்குள் இருப்பதைத் தராசில் வைக்கவும் வழியில்லை. ப்ரூஃப் வரும் சிமிழைத் திறக்கலாம். பருத்திக் கையுறையோடு விளிம்பை மட்டும் பிடித்துத் தராசில் வைத்தேன், 31.1 காட்டியது. வெள்ளியில் காந்தம் ஒட்டாது. சாய்த்த வெள்ளிக்கட்டியின் மேல் வலுவான நியோடிமியம் காந்தத்தை விட்டால், அது தயங்கித் தயங்கி இறங்கும். இந்தச் சோதனையைக் கட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ப்ரூஃபில் செய்தால் கீறல் விழும்.

வெள்ளையாகப் படரும் 'பால் புள்ளி' இரண்டுக்கும் பொதுவான நோய். உறைக்குள் இருந்தாலும் வரும், சில ஆண்டுகள் கழித்தும் வரும். வீட்டு வெள்ளி விளக்கைப் போல விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த காசு சேகரிப்பாளர் கண்ணில் வெறும் உலோகம்தான்.

வாங்கும் வழிக்கு வருவோம். புல்லியன் ஈகிளை நாணயச் சாலை பொதுமக்களுக்கு நேரடியாக விற்பதில்லை. அனுமதி பெற்ற மொத்த வியாபாரிகளுக்கு, 500 காசு கொண்ட பச்சைப் பெட்டிகளாகப் போகிறது. ப்ரூஃபை யாரும் அதன் தளத்தில் வாங்கலாம். புது வெளியீடுகள் கிழக்கு அமெரிக்க நேரம் நண்பகல் 12 மணிக்குத் திறக்கும். தேவை அதிகமுள்ள வெளியீடுகளுக்கு வீட்டுக்கு இத்தனைதான் என்று வரம்பும் வைப்பார்கள். 2021 மே மாதம் மார்கன் டாலர் என்னும் வேறொரு வெள்ளிக்காசின் முன்பதிவில் நெரிசல் தாங்காமல் தளம் திணறி, அடுத்த விற்பனைகளையே தள்ளிவைக்க நேர்ந்தது. ஆண்டுச் சந்தாவில் பெயர் கொடுத்துவிட்டால் அந்த ஓட்டம் மிச்சம். விலை வெள்ளியோடு ஏறும். 2023-இல் வெள்ளி அவுன்ஸ் 25 டாலரை ஒட்டி இருந்தபோது ப்ரூஃபின் விலை 80 டாலர். உலோகத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல்! வெள்ளியை முதலீடாக நினைப்பவருக்கு இது ஒத்துவராது. அவர் உறையில்லாத புல்லியன் காசு வாங்கட்டும்.

நம் ஊரில் 2024-இல் வந்த கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்தை வாங்குகிறவருக்கும் இதே கணக்கு உதவும். 35 கிராம் எடையில் வெள்ளி பாதிதான், 17.5 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு, மீதியை எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம்.

ஸ்லாப்தான் வேண்டும் என்கிறவர்கள் சாதாரணச் சீட்டுள்ள 69-ஐக் கேளுங்கள். பெரும்பாலும் உறையில்லாத காசைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கும். ப்ரூஃப் வாங்கினால் பெட்டியையும் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள். திருப்பி விற்கும்போது வியாபாரி முதலில் கேட்பது அவற்றைத்தான்.