ஒன்றரைக் கிலோ தூரம்

கேமராக் கடையில் ஒரு ஜூம் லென்ஸைக் கையில் கொடுத்தால் பெரும்பாலோர் முதலில் அதன் வழியே பார்ப்பதில்லை. உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்து எடை பார்ப்பார்கள். கனமாக இருந்தால் முகத்தில் ஒரு மரியாதை வந்துவிடும். "செம வெயிட்டு ப்ரோ, ப்ரோ லென்ஸுன்னா இப்பிடித்தான் இருக்கும்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். பித்தளைப் பாத்திரக் கடையில் நம் பாட்டிமார் செய்ததும் இதையேதான். அவர்கள் கணக்கு சரி, அங்கே எடைக்குத்தான் விலை. லென்ஸில் அந்தக் கணக்குப் பாதிதான் சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடலாம். 70-200 மி.மீ ஜூம் பல கம்பெனிகளில் இரண்டு விதமாக வரும். ஒன்று எஃப் 2.8, இன்னொன்று எஃப் 4. 200 மி.மீ-யில் எஃப் 2.8 வேண்டுமென்றால் ஒளி நுழையும் வாய் சுமார் 71 மி.மீ அகலம் இருக்க வேண்டும். எஃப் 4-க்கு 50 மி.மீ போதும். அகலம் இவ்வளவு கூடினால் பரப்பு இரட்டிப்பாகும், ஒளியும் இரட்டிப்பாகும். கண்ணாடி பெருத்தால் அதைத் தாங்கும் உலோகமும் பெருக்கும். கேனனின் பழைய இஎஃப் வரிசையில் 2.8 லென்ஸின் மூன்றாம் பதிப்பு 1480 கிராம், ஸ்டெபிலைசர் உள்ள எஃப் 4-இன் இரண்டாம் பதிப்பு 780 கிராம். ஒரே ஒரு ஸ்டாப் ஒளிக்காக 700 கிராம். இயற்பியல் கேட்கிற விலை இது, அதோடு சண்டை போட முடியாது.

தப்பான பாதிக்கு வருவோம். சிக்மா 2014-இல் 150-600 மி.மீ ஜூமை ஒரே நேரத்தில் இரண்டாக அறிவித்தது. ஒன்றின் பெயர் ஸ்போர்ட்ஸ், இன்னொன்று கன்டெம்பரரி. இரண்டுக்கும் அதே தூரம், அதே 5-6.3 அப்பெர்சர். ஆனால் ஸ்போர்ட்ஸ் 2860 கிராம், கன்டெம்பரரி 1930 கிராம். கூடுதலான 930 கிராமில் ஒரு துளி ஒளிகூடக் கூடுதலாக வராது. அது உலோக உடம்புக்கும், தூசி தண்ணீர் தடுப்புக்கும், ஓரங்களில் கொஞ்சம் கூடுதல் கூர்மைக்கும் போனது. மழைக்காட்டில் படுத்துக்கிடப்பவருக்கு அது தேவை, ஒப்புக்கொள்கிறேன். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை நடப்பவருக்கு? கூழைக்கடா தலைக்கு மேலே கடக்கும்போது 2860 கிராம்காரர் ட்ரைபாடில் திருகைத் தளர்த்திக்கொண்டிருப்பார். இதே சிக்மா 2021-இல் மிரர்லெஸ் கேமராக்களுக்கு அதே ஸ்போர்ட்ஸ் என்ற பெயரிலேயே 150-600 வெளியிட்டது. அதன் எடை 2100 கிராம். சோனியின் முதல் 70-200 ஜிஎம் 1480 கிராம், 2021-இல் வந்த இரண்டாவது 1045 கிராம், அதே எஃப் 2.8. எடைதான் தரம் என்று நம்மிடம் விற்றவர்களே எடையைக் குறைத்து, அதைத் தனியாக விளம்பரமும் செய்து, விலையை மட்டும் குறைக்காமல் மறுபடி விற்கிறார்கள்.

இதெல்லாம் கணக்கு. எனக்கு உண்மையான சண்டை இருப்பது எஃப் 2.8 எடுக்கிற படங்களோடு.

200 மி.மீ, எஃப் 2.8, மூன்று மீட்டர் தூரத்தில் ஒரு முகம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் நாலு சென்டிமீட்டர்கூட வராது. கண் கூர்மையாக இருக்கும், காது கரைந்துவிடும். காதுக்குப் பின்னால் இருக்கிற தெரு, சுவர், பந்தல், மனிதர்கள் எல்லாம் வெண்ணெய்போல உருகி வண்ணக் கறையாகிவிடும். இதற்கு போகே என்று பெயர். பார்த்தவுடன் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் உட்கார்ந்து இன்ஸ்டாகிராமில் நம்மூர்த் திருவிழாப் படங்களை வரிசையாகப் பாருங்கள். சுருக்கம் விழுந்த பாட்டி முகம், பீடி பிடிக்கும் தாத்தா முகம், குலசை தசராவில் காளி வேடம் போட்டவரின் முகம். எல்லாருக்கும் பின்னால் ஒரே மாதிரிப் பச்சை, ஒரே மாதிரி ஆரஞ்சு. குலசைக்கும் மதுரைக்கும் வித்தியாசம் கிடையாது. கடல் எங்கே? கூட்டம் எங்கே? வேடம் கட்டியவர் யாரோடு வந்தார், வெயிலில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தார்? ஊர் இல்லாத மனிதர்களை நாம் ஆயிரக்கணக்கில் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். ஒரு சிறுகதையில் இப்படி முகத்தை மட்டும் வர்ணித்துவிட்டு ஊரை எழுதாமல் விட்டால் நாமே சும்மா விடமாட்டோம். படத்துக்கு மட்டும் லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

எஃப் 4-இலும் மங்கும், அப்பெர்சரைக் குறைத்தால் எஃப் 2.8-இலும் ஊர் தெரியும் என்று வாதிடலாம். உண்மைதான். ஆனால் 2.8-க்காக லட்ச ரூபாய்க்கு மேல் கொட்டியவர் அதை எஃப் 8-இல் வைத்து எடுப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. கொடுத்த காசு படத்தில் தெரிய வேண்டாமா?

கூவாகத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சித்திரையிலும் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து அழுகிறார்கள். அந்த அழுகையைச் சுற்றி ஒரு வேலிபோல லென்ஸ்கள் நிற்கும். அங்கே வருகிற படங்களில் பெரும்பகுதி ஒரே படம்: வாய் திறந்த அழுகை, கண் மை வழிகிற கன்னம், பின்னால் ஒன்றுமில்லை. அழுகிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கும் தோழி உருகிப் போயிருப்பார். முக்கியமாக, சுற்றி நிற்கிற முப்பது கேமராக்காரர்களும் காணாமல் போயிருப்பார்கள். அந்த இடத்தில் நடந்ததில் பாதி அந்த முப்பது பேர்தானே? தனிமையில் நடந்த துக்கம் மாதிரி அது நம்மிடம் வந்து சேருகிறது.

ஐந்து மீட்டர் தள்ளி நின்று, ஒரு வார்த்தை பேசாமல், ஒருவரின் கண்ணீரை முழுச் சட்டகத்துக்கு எடுத்துவர முடிகிறது என்பது 200 மி.மீ-இன் வசதி. கிட்டப்போய் எடுப்பவர் எல்லாம் யோக்கியர் என்று சொல்லவில்லை, 35 மி.மீ-ஐ முகத்தில் இடிக்கிறவர்களும் உண்டு. ஆனால் கிட்டப்போனால் "என்னா தம்பி, எதுக்கு எடுக்குற?" என்று கேட்க அவருக்கு ஒரு வழி இருக்கிறது. டெலிபோட்டோவிடம் யாரும் எதையும் கேட்க முடியாது.

கனமான லென்ஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கேனன் தன் பெரிய லென்ஸ்களுக்கு வெள்ளை நிறம் கொடுப்பது வெயிலில் உள்ளே சூடேறாமல் இருக்க என்று சொல்லும். நம்மூர்த் திருவிழாக்களில் அந்த வெள்ளை ஓர் அடையாள அட்டை. கயிறு கட்டிய இடத்தில் அதை உயர்த்திப் பிடித்தால் "பிரஸ்ஸா சார்? வாங்க வாங்க" என்று வழி கிடைக்கும். 695 கிராமுக்குச் சின்னதாக ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்பவரைப் பார்த்து "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார்கள். எடை மேல் இருக்கிற ஆசையில் இந்த 'வாங்க வாங்க'வுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஸ்பெக் பட்டியலில் அதைப் போடமாட்டார்கள்.

சரி, கனமான லென்ஸ் வீண் என்கிறேனா? மண்டபத்துக்குள் போனால் என் பேச்சு மாறும். மாலைக் கச்சேரி, பரதநாட்டிய மேடை, அதிகாலை முகூர்த்தம். ஆடுகிற கையை உறைய வைக்க 1/500 வினாடி வேண்டும். ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், ஆடுபவரின் கையைப் பிடிக்காது. அங்கே 2.8-இல் ஐஎஸ்ஓ 3200 என்றால் எஃப் 4-இல் 6400. இன்றைய சென்சார்களில் இரண்டுமே ஓடும், ஆனால் விளக்கு இன்னும் மங்கினால் அந்த ஒரு ஸ்டாப்தான் வேலையைக் காப்பாற்றும். கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர்கள் இரண்டு கேமராவை இரண்டு தோளிலும் தொங்கவிட்டு எட்டு மணி நேரம் நிற்கிறார்கள். அவர்களுடைய 2.8 ஒரு கருவி. சாயங்காலம் வீட்டுக்குப் போய் தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொள்கிறவரிடம் எடையின் கம்பீரம் பற்றி யாரும் பேச வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் இப்போது ஒரு புது பக்தி கிளம்பியிருக்கிறது, லேசாக இருந்தாலே புண்ணியம் என்று. கேனன் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம்தான். ஆனால் 400 மி.மீ-யில் அது எஃப் 8. கோடியக்கரையில் பொழுது சாயும்போது பூநாரைகளை எடுக்கப் போனால் அது கையை விரித்துவிடும். லேசு என்பதும் ஒரு விலைதான், அதை ஒளியாகக் கட்டுகிறோம்.

மா. கிருஷ்ணனை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர், அ. மாதவையாவின் மகன், கறுப்பு வெள்ளையில் காட்டு விலங்குகளை எடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயரிலேயே பளுவைப் பற்றிய கிண்டல் இருக்கிறது. அதைச் சுமந்துகொண்டு யானையைத் தேடிப் போனார். அவருடைய யானைப் படங்களில் யானையோடு காடும் கிடைக்கும், எந்த மரத்தடி, எந்தப் புதர் என்று. அவர் சுமந்த எடை யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. கடையில் லென்ஸை அசைத்துப் பார்க்கிற தம்பியிடம் எனக்குக் கேட்கத் தோன்றுவது அதுதான்: தூக்கப்போற சரி, எங்க தூக்கிட்டுப் போகப்போற?

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வருஷத்தில் நாலு மேடை, ரெண்டு கல்யாணம் என்றால் 2.8-ஐ அந்த நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். சொந்தமாக வைத்துக்கொள்ள எஃப் 4 போதும். புதுசு கட்டுப்படியாகாவிட்டால் 1999-இல் வந்த கேனன் இஎஃப் 70-200 எஃப் 4 பழைய சரக்கில் தேடிப்பாருங்கள். ஸ்டெபிலைசர் கிடையாது, 705 கிராம், பகல் வெளிச்சத்தில் இன்றைக்கும் கூர்மையாக எடுக்கும். ட்ரைபாட் காலர் அதோடு வராது, தனியாக வாங்க வேண்டும். வாங்காமலே சமாளிக்கலாம்.