மதகு யார் கையில்?
இணையச் சமநிலை விதிகள்: ஒரு மதிப்பீடு

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் நின்று பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். ஆறு பிரியும் இடத்தில் மதகு யார் கையில் இருக்கிறதோ, கடைமடையின் விளைச்சலும் அவர் கையில்தான். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்ததால் நீரின் பெரும்பகுதி அவ்வழியே கடலுக்குப் போயிற்று; தஞ்சை வயல்கள் வாடின. அதைத் திருத்தவே 1836-38இல் ஆர்தர் காட்டன் இங்கு மேலணையைக் கட்டுவித்தார்.

நம் வீட்டுக்கு வரும் இணையத்திலும் மதகுகள் உண்டு. குரல், படம், பாடம் எதுவாயினும் அது சிறு சிறு பொட்டலங்களாகவே பயணம் செய்கிறது. ரூட்டர் என்னும் கருவி ஒவ்வொரு பொட்டலத்தின் முகவரியையும் பார்த்து உரிய வழியில் அனுப்புகிறது. வரத்து மிகுந்தால் பொட்டலங்கள் வரிசையில் நிற்கும். வரிசையும் நிரம்பினால் சில கைவிடப்படும். அனுப்பிய கணினி அதை உணர்ந்து, வேகத்தைக் குறைத்து, விடுபட்டவற்றை மீண்டும் அனுப்பும்.

ஆகவே நெரிசலை ஒழுங்கு செய்வது குற்றமன்று. நெரிசலைப் பார்த்து ஒழுங்கு செய்கிறார்களா, அனுப்பியவர் யார் என்று பார்த்தா என்பதே கேள்வி. பின்னது கூடாது என்பதுதான் இணையச் சமநிலை.

இந்தியாவில் இந்த வழக்கு சூடு பிடித்தது 2014 டிசம்பரில். இணையவழிக் குரல் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு எழவே நிறுத்தி வைத்தது. 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மக்கள் கருத்தைக் கேட்டபோது பத்து லட்சம் மின்னஞ்சல்கள் குவிந்தன. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தை ஃபேஸ்புக் முன்வைத்தது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணத்தில் வேற்றுமை காட்டக் கூடாது என்று டிராய் விதித்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிக அளவாக 50 லட்சம் அபராதம். 2018இல் தடுத்தல், வேகம் குறைத்தல், சிலருக்கு முன்னுரிமை தருதல் ஆகியவற்றுக்கும் தடை வந்தது.

‘ஒன்றுமில்லாத ஏழைக்குச் சில தளங்களாவது கிடைத்திருக்குமே’ என்பார்கள். இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. ஆனால் அந்தச் சில தளங்கள் எவை என்று தீர்மானிப்பவர் யார்? தமிழில் பாடம் தேடும் மாணவனுக்கு வேண்டிய தளம் பட்டியலில் இல்லையென்றால், இலவசம் அவனுக்கு வேலியாகிவிடும். மேலும், 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் போட்டியால் கட்டணங்கள் சரிந்தன. பட்டியல் இல்லாத முழு இணையமே பலர் கைக்கு வந்தது. ஆணையத்தின் முடிவு சரியானதே.

எனினும் விதிகளில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, பணமுள்ள நிறுவனங்கள் சேவையாளரின் வலைக்குள்ளேயே சேமிப்பகம் அமைத்துத் தம் படங்களை விரைவாகத் தரலாம். 2017இல் டிராய் இதை விதிகளின் எல்லைக்கு வெளியே வைத்தது. இதனால் நெரிசல் குறைவது உண்மை. சிறிய தளம் பின்தங்குவதும் உண்மை.

இரண்டாவது குறையே பெரிது. மீறல் நடந்தால் நமக்கு எப்படித் தெரியும்? 2007இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம், ‘இணைப்பைத் துண்டி’ என்னும் போலிப் பொட்டலங்களை இடையில் செலுத்திப் பிட்டொரன்ட் பரிமாற்றத்தைக் கெடுத்தது. வாடிக்கையாளருக்கு அது வெறும் பழுதாகவே தோன்றியது. டிராயின் ‘மைஸ்பீட்’ செயலி அளப்பது இணைப்பின் பொதுவான வேகத்தை. எந்தத் தளம் பின்னுக்குத் தள்ளப்பட்டது என்பதை அது காட்டாது. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ‘வெஹே’ செயலி ஒரு தளத்தின் பொட்டலங்களை முதலில் உள்ளபடியும், பிறகு அடையாளம் தெரியாதபடி மாற்றியும் அனுப்பி, இரு வேகங்களையும் ஒப்பிடுகிறது. வேறுபாடு திரும்பத் திரும்பத் தெரிந்தால் ஐயத்துக்கு இடமுண்டு. இத்தகைய சோதனையை ஆணையமே நடத்தி, முடிவுகளைத் தமிழிலும் வெளியிட வேண்டும். கண்காணிக்கப் பல தரப்பினர் கொண்ட அமைப்பு தேவை என்று 2020இல் அதுவே பரிந்துரைத்திருக்கிறதே!

2018 ஆகஸ்டு 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் உடைந்தன. மறுநாள் காலையில் ஊரே அதைப் பார்த்தது. இணையத்தின் மதகு பாதி மூடப்பட்டால் பார்க்க யாரும் இல்லை. ‘இன்று நெட் மெதுவாக இருக்கிறது’ என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அளவுகோல் இல்லாத மதகுக்கு விதி எழுதியிருக்கிறோம். இனி அளவுகோலை நட வேண்டும்.