வாணிபப் பக்கமும் வாசகன் கடமையும்

கதையையும் கவிதையையும் திறனாய்வு செய்வோர் உண்டு. ஏட்டின் வாணிபப் பக்கத்தைத் திறனாய்வு செய்வானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கதையைக் கற்பனை என்றறிந்தே படிக்கிறோம். வாணிபச் செய்தியையோ முழு உண்மை என்று நம்பிப் படிக்கிறோம். ஆகவே, திறனாய்வு அதற்கே முதலில் தேவை. புராணத்தைப் பார்த்து, ஏன், எப்படி என்று கேட்கக் கற்ற இளைஞன்கூட, புதிய கைப்பேசி பற்றிய செய்தியைக் கண்டதும் கேள்வியைக் கைவிட்டுக் கைகூப்பி நிற்கிறானே!

அந்தச் செய்தி எழுதப்படும் முறையைக் காணுங்கள். அவதார மகிமை பாடுவது போன்ற வருணனை! படக்கருவியின் கூர்மைக்குக் கணக்கு உண்டு. நினைவகத்தின் அளவுக்குக் கணக்கு உண்டு. மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. அதைச் செய்த கைகள் எத்தனை மணி நேரம் தாங்கின என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை!

விலையைப் பற்றிய பேச்சிலாவது தெளிவு உண்டா? “வட்டியில்லாத் தவணை” என்கிறார்கள். வட்டியே இல்லாத கடன் என்பது உண்மையில் இல்லாத ஒன்று, கட்டணத்துக்குள் வட்டி மறைந்திருக்கிறது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எடுத்துரைத்தது. எனினும் அந்தச் சொல் சாகவில்லை. ஏழை மாணவனின் ஆசையைத் தூண்டும் சொல்லாயிற்றே, எளிதில் சாகுமா?

திருப்பெரும்புதூரைப் பாருங்கள். 2006-இல் நோக்கியா ஆலை திறக்கப்பட்டது. பொற்காலம் பிறந்தது என்றனர். தாய் நிறுவனம் தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட்டுக்கு விற்றது. வரி வழக்கில் சிக்கிய ஆலை அந்த விற்பனையில் சேராது நின்றது. 2014 நவம்பரில் உற்பத்தி ஓய்ந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் வேலை இழந்தனர். 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். சாலையில் அமர்ந்து அவர்கள் மறியல் செய்த பிறகே, ஐபோன் எங்கே, எவரால் உருவாகிறது என்று ஊர் அறிந்தது. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் சாம்சங் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வோடு அவர்கள் கேட்டது, தங்கள் சங்கத்துக்கு ஏற்பு.

செய்தி வரவில்லை என்று சொல்லமாட்டேன், வந்தது. எப்படி வந்தது? பண்டிகைக்கால விற்பனை பாதிக்கப்படுமா, முதலீட்டாளர் முகம் சுளிப்பரா என்ற கவலையோடு வந்தது. குளிர்ப்பெட்டி வாங்குவோன் கண் கொண்டும், பங்கு வைத்திருப்போன் கண் கொண்டும் பார்த்தனர். குளிர்ப்பெட்டியைச் செய்வோன் கண் கொண்டு பார்த்தவர் சிலரே.

“ஆலைகள் வந்ததால்தானே சிற்றூர்ப் பெண்கள் தம் காலில் நிற்கிறார்கள்?” என்பர். உண்மை. அதை மறுப்பவன் அல்லன் நான். எங்கள் கண்டமங்கலத்துக்கு அண்மையில், விழுப்புரம்–புதுவை சாலையிலுள்ள திருபுவனையிலும் தொழிற்சாலைகள் உண்டு. என் போன்ற மாணவர் நாளை அத்தகைய ஆலை வாயிலில் நிற்கப் போகிறவர்களே. அதனால்தான் கேட்கிறேன்: ஆலை வரும்போது முதலீடு எத்தனை கோடி என்று எழுதும் பேனா, ஊதியம் எவ்வளவு, ஒப்பந்த வேலையா, நிலையான வேலையா என்று ஏன் எழுதுவதில்லை?

கம்பியில்லாத் தந்திச் சாதனம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் என்று ‘இனிவரும் உலகம்’ நூலில் பெரியார் 1940-களிலேயே எழுதினார். அந்தப் பகுதியை எடுத்துக்காட்டி வியப்போர் பலர். ஆனால் அதே நூலில், மனிதனின் உழைப்புச் சுமை குறையும் என்றும் அவர் எழுதினாரன்றோ? கருவி வந்துவிட்டது, ஓய்வு வந்ததா? 2023 ஏப்ரல் 21-இல் நம் சட்டமன்றமே, ஆலைகளில் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்ட வழி செய்யும் மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்பு எழுந்தது, மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது நன்று. கேள்வி கேட்டோர் இருந்ததால்தான் அது நடந்தது என்பதை மறவாதிருப்பது அதனினும் நன்று.

தோழர்களே! கைப்பேசியை வெறுக்கச் சொல்லவில்லை. அறிவியலின் கொடை அது, நன்கு பயன்படுத்துங்கள். ஆயுத பூசையன்று அதற்குப் பொட்டிடுவதும் வேண்டாம், ஆண்டு முழுதும் அதன் விளம்பரத்துக்கு அடிபணிவதும் வேண்டாம். வாணிபப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம், இதைச் சொல்பவர் யார், இலாபம் யாருக்கு, உழைத்தவர் யார், சொல்லாமல் விட்டது எது என்று நான்கு கேள்விகளைக் கேளுங்கள். விடை கிடைக்காத இடத்தில், விடையைத் தேடி எழுதும் பேனா உங்களுடையதாக இருக்கட்டும்!