மணப்பாட்டுப் பாய்மரம்

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை ஒட்டி எழுந்த மணல் மேட்டின் உச்சியில் நிற்கிறது மணப்பாடு திருச்சிலுவைக் கோயில். 1581இல் கட்டியது. கோயிலையும் கீழே வளைந்து கிடக்கும் கரையையும் எல்லோரும் படமெடுக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது ஊரார் சொல்லும் கதை.

புயலில் சிக்குகிறது ஒரு போர்த்துக்கீசியக் கப்பல். பாய்மரம் முறிந்து கடலில் விழுகிறது. உயிர் தப்பினால் அந்த மரத்திலேயே சிலுவை செய்து நடுவதாகக் கப்பல் தலைவன் நேர்ந்துகொள்கிறான். மரம் மணப்பாட்டில் கரை ஒதுங்குகிறது. இதுவரைக்கும் எந்தத் துறைமுகத்திலும் கேட்கக்கூடிய நேர்த்திக்கடன் கதைதான். இனிமேல் வருவதுதான் மணப்பாட்டின் கைவண்ணம். அசுத்தத்தை மிதித்துவிட்ட ஊர்க்காரன் ஒருவன், காலை அந்தக் கட்டையில் துடைத்துவிட்டுப் போகிறான். கால் வீங்கிவிடுகிறது. வலியோடு கண்ணயர்ந்தவனுக்குக் கனவில் கட்டளை வருகிறது: மரத்தைக் கழுவி எண்ணெய் பூசு. பூசுகிறான், வீக்கம் வடிகிறது.

அந்த எண்ணெயில்தான் கதையின் உயிரே இருக்கிறது. வள்ளத்துப் பலகைக்கு மீனெண்ணெய் பூசிப் பழகியவர்கள் சொன்ன கதை இது. உப்புநீரில் ஊறிய மரம் வெயிலில் கேட்பாரற்றுக் கிடந்தால் என்னவாகும் என்று அவர்களுக்குத் தெரியும். கடலுக்குப் போய்வந்த மரத்தில் காலைத் துடைப்பவனை எந்த மீனவன் பொறுப்பான்? வேற்று நாட்டுக் கப்பலின் மரத்தையும் தங்கள் வள்ளத்தைப் பேணுகிற முறையிலேயே பேணிச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

மேட்டின் கடல் பக்கம் ஒரு குகை. 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அங்கே தங்கினார் என்பார்கள். உள்ளே சிறு கிணறு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர்! திருச்செந்தூரில் முருகன் வேலால் உண்டாக்கியதாகச் சொல்லும் நாழிக்கிணறும் இதே அதிசயம்தான். மணல் குடித்த மழைநீர் உப்புநீரைவிட இலேசானது, அதன்மேல் தங்கி நிற்கும் என்று காரணம் சொல்லிவிடலாம். நாக்கெல்லாம் உப்புக் கரிக்கக் கரையேறி முதல் மிடறு குடிப்பவனுக்கு அது போதுமா? அவனுக்கு ஒரு சவேரியாரோ ஒரு வேலோ வேண்டும்.

செப்டம்பர் 14 அன்று திருச்சிலுவைக் கோயிலில் திருவிழா. போகிறவர்கள் படத்தோடு திரும்பிவிடாதீர்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் யாரிடமாவது உட்கார்ந்து இந்தக் கதையைக் கேளுங்கள், கால் வீங்கிய பகுதியை அவர் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.