நோய் முற்றியதால் மருந்தா, மருந்தால் மரணமா? – ஃபெனோடெரால் விவகாரத்தைத் திரும்பப் படித்தபோது

1989 ஏப்ரல் மாதக் கடைசியில் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஜூலியன் கிரேன், நீல் பியர்ஸ், ரிச்சர்ட் பீஸ்லி உள்ளிட்ட நியூசிலாந்துக் குழு ஒன்று எழுதியது. ஆஸ்துமாவால் இறந்துபோன 117 பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் நான்கு பேர் கணக்கில், ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்து உயிரோடு திரும்பிய 468 பேரோடு ஒப்பிட்டார்கள். எல்லாரும் 5 வயதிலிருந்து 45 வயதுக்குள். கேட்ட கேள்வி ஒன்றுதான்: இவர்களில் யார் யாருக்கு ஃபெனோடெரால் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார்கள்?

இந்தக் கதையை நானே சில வருஷம் முன்னாடி ஒரு நண்பர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். அப்போது அதை "கெட்ட மருந்து, நல்ல விஞ்ஞானிகள், பொல்லாத கம்பெனி" என்று சினிமாக் கதை மாதிரி சொன்னேன். இப்போது மூலக் கட்டுரைகளை வரிசையாக வைத்துப் படித்த பிறகு, அப்படிச் சொன்னது தப்பு என்று தோன்றுகிறது. அந்தப் பாதையில் கதை சொன்னால் முக்கியமான விஷயமே கைநழுவிப் போய்விடுகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் பின்னணி. ஆஸ்துமாவில் இரண்டு விஷயம் நடக்கிறது. மூச்சுக்குழாயின் உள்சுவர் ஒவ்வாமையாலோ வேறு காரணத்தாலோ அழற்சி கண்டு வீங்குகிறது, சளி சேர்கிறது. கூடவே அதைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சால்பியூட்டமால், ஃபெனோடெரால், அதற்கு முந்தைய ஐசோபிரினலின் எல்லாம் இந்தத் தசையைத் தளர்த்துகிறவை. ரெண்டு அழுத்து அழுத்தினால் சில நிமிஷத்தில் மூச்சு வரும். ஆனால் உள்ளே இருக்கிற வீக்கத்தை அவை தொடுவதே இல்லை. அதற்கு வேறு மருந்து வேண்டும், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு.

1960-களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இளம் வயதினரின் ஆஸ்துமா மரணம் திடீரென ஏறியது. 10 முதல் 14 வயதுக்குள் ஏழு வருஷத்தில் ஏறக்குறைய எட்டு மடங்கு. அதுவரை ஆஸ்துமாவால் ஆளை முடக்கத்தான் முடியும், சாவு அபூர்வம் என்றுதான் மருத்துவர்களே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பைசர், டால், ஹீஃப் மூவரும் 1968-ல் இதைப் பதிவு செய்தார்கள். (டால் என்றால் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய அதே ரிச்சர்ட் டால்தான்.) ஐசோபிரினலின் இன்ஹேலர் விற்பனையோடு மரணமும் சேர்ந்தே ஏறியது. 1967-ல் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை போனது, அடுத்த வருஷம் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது என்று ஆனது, மரணமும் இறங்கியது. ஆனால் அதே மாதிரி இன்ஹேலர் விற்ற எல்லா நாட்டிலும் சாவு ஏறவில்லையே, ஏன்? பால் ஸ்டாலி என்ற அமெரிக்கர் 1972-ல் பதில் சொன்னார்: ஏறிய நாடுகளில் 'ஃபோர்ட்டே' என்ற வகை விற்றது. ஒரு அழுத்துக்கு வழக்கத்தைப் போல ஐந்து மடங்கு மருந்து.

இவ்வளவும் தெரிந்திருந்தும் 1976-ல் நியூசிலாந்தில் ஃபெனோடெரால் வந்தது. ஒரு அழுத்துக்கு 200 மைக்ரோகிராம். சால்பியூட்டமால் 100. அதே வருஷம் மரணம் ஏற ஆரம்பித்தது. 5 முதல் 34 வயதுக்குள் லட்சத்துக்கு ஒன்று சொச்சமாக இருந்தது, 1979-ல் நான்கைத் தாண்டியது. பக்கத்திலேயே உள்ள ஆஸ்திரேலியாவில் அந்த அளவுக்கு ஏறவில்லை.

சரி, 1989 கட்டுரைக்கு வருவோம். முடிவு: ஃபெனோடெரால் எழுதிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு மரண வாய்ப்பு 1.55 மடங்கு. இந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. எனக்கும்தான். வந்த எதிர்ப்பு உடனடியானது, கடுமையானது. மருந்தைத் தயாரித்த போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனமும் அதன் பக்கம் நின்ற நிபுணர்களும் சொன்ன வாதம் இதுதான்: நோய் முற்றியவர்களுக்குத்தான் மருத்துவர்கள் ஃபெனோடெரால் கொடுக்கிறார்கள், நோய் முற்றியவர்கள்தான் இறக்கிறார்கள், இதில் மருந்தின் தப்பு என்ன? ஐ.சி.யூ.வில் சேர்த்தவர்கள் வார்டில் சேர்த்தவர்களைவிட அதிகம் சாகிறார்கள், அதற்காக ஐ.சி.யூ. ஆளைக் கொல்கிறது என்று சொல்வோமா?

இது நியாயமான கேள்வி. கேட்காமல் விட்டிருந்தால்தான் தப்பு. மருந்தையும் மரணத்தையும் பின்னோக்கிப் பார்த்து ஒப்பிடுகிற எந்த ஆய்விலும் முதலில் கேட்க வேண்டியது இது. என் விமர்சனம் கேள்வி மேல் இல்லை, அதை அங்கேயே நிறுத்திக்கொண்டதன் மேல். ஒரு மறுப்பு என்றால் அதுவும் ஒரு கருதுகோள்தான். அதற்கும் ஒரு எதிர்பார்ப்பு உண்டு, அதையும் சோதிக்கலாம். நோயின் தீவிரம்தான் காரணம் என்றால், எல்லாருமே தீவிர நோயாளிகளாக உள்ள கூட்டத்தை மட்டும் தனியே எடுத்தால் என்ன ஆகணும்? இரண்டு பக்கமும் ஒரே அளவு முற்றியவர்கள். அப்போது ஃபெனோடெராலின் 'குற்றம்' கரைந்து ஒன்றை நோக்கி இறங்கணும்.

இறங்கவில்லை, ஏறியது. வாய்வழி ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களை மட்டும் பார்த்தால் 6.45. மாத்திரையும் எடுத்து, கடந்த ஒரு வருஷத்துக்குள் ஆஸ்பத்திரியிலும் சேர்ந்தவர்களை மட்டும் பார்த்தால் 13.29. இந்தக் கடைசி எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சிறு பிரிவில் ஆட்கள் கொஞ்சம், பிழை இடைவெளி 3-லிருந்து 50 வரை போகிறது. ஆனால் திசை தெளிவு. தீவிரம் காரணம் என்ற கருதுகோள் எந்தப் பக்கம் போகும் என்றதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போகிறது. அதே கட்டுரையில் அச்சாகியிருந்த அட்டவணை இது. அதைப் படித்துவிட்டும் "தீவிரம், தீவிரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களை என்ன சொல்ல?

அதற்காக அந்த முதல் ஆய்வு குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. இறந்தவர்களின் மருந்து விவரம் ஒரு இடத்திலிருந்தும், ஒப்பீட்டு ஆட்களின் விவரம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்தும் வந்தது. இரண்டு தராசில் எடை போட்ட மாதிரி. எதிர்த்தவர்கள் இதைச் சரியாகவே பிடித்தார்கள். குழு என்ன செய்தது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்: சண்டை போட்டுக்கொண்டு உட்காரவில்லை. இரு தரப்புக்கும் ஒரே ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பயன்படுத்தி, வேறு வருஷங்களின் மரணங்களை எடுத்து இரண்டாவது ஆய்வு, பிறகு மூன்றாவது. இரண்டிலும் அதே திசை. இதற்கிடையில் அரசு 1989-ல் ஃபெனோடெராலுக்குக் கட்டுப்பாடு விதித்தது, விற்பனை விழுந்தது, மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கி அங்கேயே நின்றது.

இங்கே படம் முடிந்தது, வணக்கம் போட்டுவிடலாம். நானும் அப்படித்தான் முடிப்பேன். அதில்தான் சிக்கல்.

ஃபெனோடெரால் வில்லன் என்று முடிவானதும், சால்பியூட்டமால் நல்லவனாகி வெளியே வந்துவிட்டது. 1992-ல் ஸ்பிட்சர் குழு கனடாவின் சஸ்காச்சுவானில் 12,301 பேரின் மருந்துப் பதிவுகளை அலசியது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது போரிங்கர் நிறுவனம். ஃபெனோடெரால் மாதத்துக்கு ஒரு டப்பா கூடக் கூட மரண வாய்ப்பு 5.4 மடங்கு என்று வந்தது. சரி, எதிர்பார்த்ததுதான். சால்பியூட்டமாலுக்கு? 2.4. ஃபெனோடெராலில் ஒரு அழுத்துக்கு இரண்டு மடங்கு மருந்து என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி அவ்வளவு பெரிதாகத் தெரியாது. 1990-ல் மால்கம் சியர்ஸ் குழு செய்த சோதனையும் இதே பக்கம்தான் கை காட்டியது. தினமும் நான்கு வேளை ஃபெனோடெரால், பிறகு தேவைக்கு மட்டும் மருந்து என்று ஒரே ஆட்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வித்தியாசம் தெரிந்த 57 பேரில் 40 பேருக்கு, தேவைக்கு மட்டும் எடுத்தபோதுதான் ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தது. மீதி 17 பேருக்குத்தான் தினமும் எடுத்தது உதவியது.

ஸ்டீராய்டு பக்கத்திலிருந்து வந்த சான்று இன்னும் அழுத்தமானது. 2000-ல் சமி சுயிசா குழு, அதே சஸ்காச்சுவானில் 30,569 பேரை எடுத்துப் பார்த்தது. வருஷத்துக்கு ஒரு டப்பா உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு கூடினால் மரண விகிதம் 21 சதவீதம் குறைகிறது. ஒரே ஒரு டப்பாவுக்கு!

அப்படியென்றால் 2000-லேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி: லேசான ஆஸ்துமா என்று சொல்லி, தசை தளர்த்தியை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது சரிதானா? அது எந்த மருந்து என்பது இரண்டாம் பட்சம். மூச்சு சரியாகிவிடுகிறது, அதனால் ஆள் நன்றாக இருப்பதாக நினைக்கிறார், உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டே போகிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் இன்னும் நாலு அழுத்து அழுத்திக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஃபெனோடெராலில் இந்தக் கதை வேகமாக நடந்தது. இதயத்தின் மேல் அதன் பாதிப்பும் சேர்ந்துகொண்டது. சால்பியூட்டமாலில் மெதுவாக நடக்கிறது, அதனால் கண்ணில் படுவதில்லை.

பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த தேசிய ஆய்வறிக்கை 2014-ல் வந்தது. 195 மரணங்கள். தசை தளர்த்தி இன்ஹேலர் விவரம் கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் 12-க்கு மேல் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆறு பேருக்கு 50-க்கு மேல். ஐம்பது டப்பா! வாரத்துக்கு ஒன்று. அறிக்கை பலருடைய நோய் 'லேசானது' அல்லது 'மிதமானது' என்று குறிக்கப்பட்டிருந்ததையும் சொல்கிறது.

2018-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் சிக்மா என்ற பெரிய சோதனை. மூச்சு இரைக்கும்போது தனித் தசை தளர்த்திக்குப் பதில், ஸ்டீராய்டும் ஃபார்மோடெராலும் கலந்த இன்ஹேலரை அழுத்தச் சொன்னார்கள். கடுமையான தாக்குதல்கள் 64 சதவீதம் குறைந்தன. 2019-ல் நாவல் ஸ்டார்ட் என்ற இன்னொன்று, 668 பேரை வைத்து. கடுமையான தாக்குதல்கள் சால்பியூட்டமால் குழுவில் 23, கலவைக் குழுவில் 9. அதே வருஷம் ஏப்ரலில் உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜினா, பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் சால்பியூட்டமால் மாதிரி மருந்தைத் தனியாக மட்டும் கொடுப்பதை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. நாவல் ஸ்டார்ட்டின் முதல் ஆசிரியர் யார் தெரியுமா? ரிச்சர்ட் பீஸ்லி. 1989 கட்டுரையில் இருந்த அதே ஆள். நடுவில் சரியாக முப்பது வருஷம்.

இந்தப் புதுச் சோதனைகளையும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட வேண்டியதில்லை. சிக்மாவுக்குப் பணம் போட்டது கலவை இன்ஹேலரை விற்கிற ஆஸ்ட்ராஜெனகா. நாவல் ஸ்டார்ட்டிலும் அவர்கள் பணம் உண்டு, நியூசிலாந்து அரசின் பணமும் சேர்ந்து. தலைப்புச் செய்திகள் 64 சதவீதத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டன. தினமும் ஒழுங்காக ஸ்டீராய்டு எடுத்த குழுவோடு ஒப்பிட்டால் கதை வேறு: நோய் கட்டுக்குள் இருந்த வாரங்கள் அந்தக் குழுவில் 44 சதவீதம், கலவையைத் தேவைக்கு மட்டும் எடுத்தவர்களிடம் 34. அதாவது தினமும் எடுப்பவருக்கு அன்றாட நிம்மதி கூடுதல். தாக்குதல் எண்ணிக்கையில்தான் இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஆனால் தினமும் எடுக்கிறவர்கள் எத்தனை பேர்? சோதனைக்கு வெளியே, மூச்சு நன்றாக இருக்கும் நாளில் யாரும் மருந்தைத் தேடுவதில்லை. அந்த மனித சுபாவத்தை ஒத்துக்கொண்டு வடிவமைத்த ஏற்பாடு என்பதால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது.

நம்ம ஊருக்கு இதில் என்ன? உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி ஆஸ்துமா மரணங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இந்தியாவில். பீடி, அடுப்புப் புகை நோயும் இதில் கலந்து எண்ணப்பட்டிருக்கலாம், அதனால் எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கணும். ஆனாலும் கம்மி இல்லை. இங்கே "இன்ஹேலர் பழகிடும்", "அது கடைசி கட்டத்துக்குத்தான்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. பழகிடும் என்று பயந்து முதலில் நிறுத்துவது ஸ்டீராய்டைத்தான். உடனே மூச்சு கொடுக்கிற நீல டப்பாவை யாரும் நிறுத்துவதில்லை, தீர்ந்தால் மருந்துக்கடையில் பழைய டப்பாவைக் காட்டினால் புதுசு கிடைக்கும். பயப்பட வேண்டியதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். (இதைப் படித்துவிட்டு யாரும் நீல இன்ஹேலரைத் தூக்கி எறிய வேண்டாம். கூட ஸ்டீராய்டு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்க, அவ்வளவுதான். சின்னக் குழந்தைகளுக்கு வழிமுறை வேறு.)

இன்னொரு சங்கடம். சிக்மாவிலும் நாவல் ஸ்டார்ட்டிலும் கொடுத்தது டர்புஹேலர் என்ற கருவி, மருந்து உள்ளேயே இருக்கும், திருகி இழுத்தால் போதும். இங்கே நிறையப் பேர் கையில் இருப்பது கேப்சூலைப் போட்டு உடைத்து இழுக்கிற ரோட்டாஹேலர். ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு இரைக்கும்போது, விளக்கைப் போட்டு, டப்பாவைத் திறந்து, கேப்சூலை எடுத்துப் பொருத்தித் திருப்பி இழுக்கணும். 'தேவைப்படும்போது எடுங்க' என்ற அறிவுரை அந்தக் கருவியோடு எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கேயே, இந்த நோயாளிகளை வைத்தே சோதித்துப் பார்க்கணும்.