பெட்டி நேரா போயிருமா?

தேனி மாவட்டத்தில் தேவாரத்துக்கும் கோம்பைக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிக் கிடக்கிறது பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர் என்பதால் அதன் பெயர் எப்போதோ உலகம் சுற்றிவிட்டது. ஊர்க்காரர் ஒருவர் உலகம் சுற்றக் கிளம்பினால்தான் பாடு. ரயிலுக்குப் போடி போக வேண்டும். அங்கே அகல ரயில் வந்து சேர்ந்ததே 2023 ஜூனில். விமானத்துக்கு மதுரை, நூறு கிலோமீட்டருக்கு மேல். குமுளி மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால் கொச்சி நெடும்பாசேரி.

மதுரையிலிருந்து நேரடி வெளிநாட்டு விமானங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். 2012 செப்டம்பரில் கொழும்புக்குப் பறந்த ஸ்பைஸ்ஜெட்தான் தொடக்கம். பிறகு துபாய் வந்தது. 2025 ஜூனில் இண்டிகோவின் அபுதாபி விமானம் வந்தது. ரியாத்துக்கோ தம்மாமுக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போகிறவர் நடுவில் ஓரிடத்தில் இறங்கி, இன்னொரு விமானம் ஏறித்தான் ஆக வேண்டும். இதுவரை விமானமே ஏறாதவருக்கு முதல் பயணத்திலேயே இந்தப் பரீட்சை. கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ உள்ள டிராவல்ஸ் கடையில் அவர் கேட்கிற முதல் கேள்வி விலையைப் பற்றியது. இரண்டாவது கேள்வி, “தம்பி, பெட்டி நேரா போயிருமா, நடுவுல நாம எடுக்கணுமா?”

இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி.

மதுரையிலிருந்து சென்னை வழியாகவோ மும்பை வழியாகவோ போனால், முதல் விமானம் உள்நாட்டு விமானம். மதுரையில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. இமிகிரேஷன் நடப்பது நடுவழியில், இரண்டாவது விமானத்துக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது. சென்னையில் உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு நடந்தே போய்விடலாம். போர்டுகளில் தமிழும் உண்டு. மும்பை அப்படியில்லை. அங்கே முதலாம் முனையமும் இரண்டாம் முனையமும் சாலை வழியில் சில கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கின்றன. உள்நாட்டு விமானங்கள் இரண்டிலும் வந்து இறங்கும், பன்னாட்டு விமானங்கள் கிளம்புவது இரண்டாம் முனையத்தில். டிக்கெட்டில் ‘டி1’, ‘டி2’ என்று இருப்பதை யாரும் சொல்லித் தராவிட்டால், மும்பை நெரிசலில் டாக்ஸி பிடிக்கும்போதுதான் அதன் பொருள் புரியும். முனையம் மாறி, வாசலில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் காட்டி, இமிகிரேஷன் வரிசையில் நின்று, மறுபடி பாதுகாப்புச் சோதனை முடித்து, கேட்டைத் தேடிப் போக வேண்டும். மூன்று மணி நேர இடைவெளி காகிதத்தில் தாராளமாகத் தெரியும். முதல் விமானம் முக்கால் மணி தாமதமானால் தெரியும் சேதி.

கொழும்பு வழி இதற்கு நேர்மாறு. ஸ்ரீலங்கன் விமானத்தில் ஏறுகிறவருக்கு இமிகிரேஷன், கஸ்டம்ஸ், பெட்டி ஒப்படைப்பு எல்லாம் மதுரையிலேயே முடிந்துவிடுகின்றன. வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்கும்போதே பாதிக் கண்டம் தாண்டியாயிற்று. ஒரு மணி நேரம் போலப் பறந்தால் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம். அங்கே மாறிப் போகிறவர் இலங்கைக்குள் நுழைவதில்லை. ‘குடிவரவு’ என்ற போர்டைப் பார்த்து அந்தக் கும்பலோடு போகாமல், டிரான்ஸ்பர் வழியில் திரும்பி, பாதுகாப்புச் சோதனை முடித்து, அடுத்த கேட்டுக்குப் போனால் போதும். வேறு முனையம் தேடி ஊருக்குள் ஓட வேண்டியதில்லை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று போர்டுகள் மும்மொழியில் இருக்கின்றன. கைக்கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டாம்: 2006 ஏப்ரலில் இலங்கை தன் நேரத்தை இந்திய நேரத்தோடு ஒன்றாக்கிக்கொண்டது.

ஆக, முதல் முறை பறக்கிற பண்ணைப்புரத்துக்காரருக்குச் சொந்த நாட்டில் விமானம் மாறுவதைவிட அடுத்த நாட்டில் மாறுவது எளிது. கேட்கக் கோணலாக இருந்தாலும் உண்மை இதுதான். தூரமோ பாஷையோ இதைத் தீர்மானிப்பதில்லை. அரசாங்கத்தின் கதவு பயணத்தின் தொடக்கத்தில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது.

இலங்கைக்காரருக்கு இந்தக் குழப்பம் வேறு உருவத்தில் வருகிறது. மட்டக்களப்போ வவுனியாவோ, வெளிநாடு என்றால் பெரும்பாலோருக்குக் கட்டுநாயக்கதான் வாசல். 2013 இல் மத்தலையில் ஒரு பன்னாட்டு விமான நிலையம் கட்டியும் இந்த நிலை மாறவில்லை. உள்நாட்டு விமானத்தில் வந்து வெளிநாட்டு விமானத்துக்கு மாறுகிற வழக்கம் அங்கே அநேகமாக இல்லை. இரவெல்லாம் வேன் ஓடி, விடியுமுன் விமான நிலைய வாசலில் இறக்கிவிடும். வேலைக்குப் போகிறவர் 1985 ஆம் ஆண்டின் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருக்க வேண்டும். விமான நிலையத்திலேயே பணியகத்துக்கு ஒரு கவுண்டர் உண்டு. இந்தியாவில் இதற்கு இணையானது 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ‘ஈ.சி.ஆர்.’ என்று விழும். வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இந்தத் தாள் சரியில்லை என்று மதுரையில் தடுத்தால் அன்றே வீடு திரும்பலாம். மும்பையில் தடுத்தால் திரும்பி வரும் செலவும் அவர் தலையில்.

வளைகுடா வேலைக்காரர் கட்டுநாயக்கவிலிருந்து பெரும்பாலும் நேரே பறந்துவிடுகிறார். இலங்கையில் விமானம் மாறும் சோதனை, கனடாவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகள் இருக்கிற பெற்றோருக்குத்தான். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கேட்பது, “தம்பி, பெட்டி நேர டொராண்டோவுக்குப் போகுமோ, இல்லாட்டி இடையில எடுக்கோணுமோ?” அவருக்கு முதல் மாற்றமே தோஹாவிலோ அபுதாபியிலோ, மொழி தெரியாத பெரிய நிலையத்தில். தோஹா நேரம் இலங்கையைவிட இரண்டரை மணி பின்னே. போர்டிங் பாஸில் அச்சாகியிருப்பது அந்தந்த ஊர் நேரம். கைப்பேசி விமானப் பயன்முறையிலேயே இருந்தால் பழைய நேரத்தைத்தான் காட்டும். கொழும்பு வழி போகும் தேனிக்காரருக்கு இல்லாத தலைவலி இது.

வடக்கில் மட்டும் ஒரு மாற்று வழி திறந்திருக்கிறது. 2019 அக்டோபரில் யாழ்ப்பாணத்துப் பலாலி பன்னாட்டு விமான நிலையமானது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னைக்குப் பறந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. ஓடுபாதை குட்டை என்பதால் வருவதெல்லாம் சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள். யாழ்ப்பாணத்தார் கொழும்புக்கு 400 கிலோமீட்டர் தெற்கே போகாமல் சென்னை வழியே உலகம் போகலாம். தேனிக்காரர் கட்டுநாயக்க வழியே போகிறார். இப்படிக் கடல் தாண்டி மாறிப் போவதும் புதிதில்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி ஏறித்தான் சென்னை போனது. அதற்கும் முன்னால், 1914 முதல், எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், கடைசியில் கொழும்பு. இரண்டு ரயிலும் ஒரு கப்பலும் மாறுகிற பயணத்துக்கு ஒரே டிக்கெட்.

இன்றைக்கும் உயிர்நாடி அந்த ஒரே டிக்கெட்தான். இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டால் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பாடு. மலிவாகக் கிடைத்ததென்று தனித்தனியாக இரண்டு வாங்கினால், இரண்டாவது நிறுவனத்துக்கு அவர் வராத பயணி, அவ்வளவுதான். இதைவிடப் பெரிய பொறி பெட்டியில் இருக்கிறது. தனி டிக்கெட்டில் பெட்டி முதல் ஊரின் பெல்ட்டுக்கே வந்துவிடும், அந்த பெல்ட்டோ இமிகிரேஷனுக்கு அந்தப் பக்கம். கட்டுநாயக்கவில் அதை எடுக்க இலங்கைக்குள் நுழைய வேண்டும், அதற்குப் பயண அனுமதி வேண்டும். சென்னையில் அதையே எடுக்க யாழ்ப்பாணத்தாருக்கு இந்திய விசா வேண்டும். இரு கரையிலும் ஒரே பொறி. உள்நாட்டு வழியில் விசா தொல்லை இல்லை என்றாலும், தனி டிக்கெட்டில் மதுரை விமானத்துக்கு 15 கிலோதான் அனுமதி. வளைகுடா விமானத்துக்கு 30 கிலோ கட்டி வந்தவர் கவுண்டரிலேயே பணம் எண்ண வேண்டும்.

ஒரே டிக்கெட்டானாலும் மதுரையில் பெட்டியில் ஒட்டுகிற டேக்கைப் பார்த்துவிடுவது நல்லது. ‘சி.எம்.பி.’ என்றால் கொழும்பு. தம்மாம் போகிறவர் டேக்கில் கடைசி ஊராக ‘டி.எம்.எம்.’ இருக்க வேண்டும். சி.எம்.பி. மட்டும் இருந்தால், கம்பத்துக்காரருக்குச் சொந்த ஊர்ப் பெயர் மாதிரி தெரிந்தாலும், அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

பெட்டிக்குள் இருப்பதும் முக்கியம். கொப்பரையை இந்திய விமான நிலையங்களில் எடுத்துவிடுவார்கள், எளிதில் தீப்பற்றும் பொருள் என்று. ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாவில் கசகசா இருந்தால் நிலைமை மோசம்: அமீரகத்திலும் சவூதியிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும்.

வயதானவர்களுக்கு இரு நாட்டுப் பிள்ளைகளும் செய்கிற ஏற்பாடு ஒன்றுதான்: நன்றாக நடக்கிற அப்பாவுக்குச் சக்கர நாற்காலி பதிவு. காலுக்காக இல்லை, வழிக்காக. தள்ளிக்கொண்டு போகிற பையன் இமிகிரேஷன், சோதனை, கேட் எல்லாம் தாண்டி இருக்கை வரை கொண்டுபோய் விடுவான். இதனால் உண்மையிலேயே நடக்க முடியாதவர் காத்துக் கிடக்க நேர்கிறது என்பது நியாயமான குறை. ஆனாலும் போர்டு படிக்கத் தெரியாதவருக்கு வழிகாட்ட நிலையங்கள் வேறு ஏற்பாடு செய்யாதவரை இது நிற்கப்போவதில்லை. நாற்காலி கிடைக்காதவர் சட்டைப்பையில் ஆங்கிலத்தில் எழுதிய துண்டுச்சீட்டு இருக்கும்: விமான எண், போக வேண்டிய ஊர், மகனின் தொலைபேசி எண்.

திரும்பி வரும்போது வித்தியாசம் இன்னும் கூர்மையாகிறது. ரியாத்திலிருந்து மும்பை வழியாக மதுரைக்கு வருகிறவர், டேக்கில் மதுரை என்றே இருந்தாலும், பொதுவாக மும்பையில் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். இந்தியாவில் முதலில் கால் வைக்கிற இடத்தில் சுங்கம் என்பது நடைமுறை. இரண்டு வருடச் சம்பளத்தில் வாங்கிய டிவியோடு அவர் அங்கே முனையம் மாற வேண்டியிருக்கும். கொழும்பு வழி வந்தால் பெட்டி மதுரையில்தான் கண்ணில் படும். கஸ்டம்ஸும் அங்கேதான், வண்டி பிடித்து வந்த மச்சானும் வெளியே அங்கேதான்.